பொருத்தமில்லாத பதிவு

எழுகதிர் வட்டம் என்ற இணைய விவாதக் குழுவில் ஒரு விதி உண்டு. உங்கள் மேல் ஒரு தோழர் விமர்சனம் வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் பதில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அந்த விமர்சனத்தை நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும். யாரும் நழுவக் கூடாது, விவாதம் நேர்மையாக நடக்க வேண்டும் என்று நல்ல மனதோடு கொண்டுவந்த விதிதான். ஆனால் மனிதர்களுக்குத் தூக்கம் வருகிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது, மாமியார் விழுந்து காலை உடைத்துக்கொள்கிறார். எதிரணிக்காரர்கள் அந்த நேரமாகப் பார்த்துத்தான் விமர்சனத்தை வைப்பார்கள். தாலி கட்டிய கையோடு போனை எடுத்து மறுப்பு எழுதிய மாப்பிள்ளைகூட அந்த வட்டத்தில் உண்டு.

இந்தத் தொல்லை தாங்காமல்தான் பதிலி வந்தது. வட்டத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொண்ட ரவூப் என்ற தோழர் செய்து கொடுத்தது. நீங்கள் வட்டத்தில் இதுவரை எழுதியதையெல்லாம் அது படித்துவிடும். நீங்கள் தூங்கும்போது நீங்கள் எழுதுவதைப் போலவே எழுதும். உங்கள் கோபம், உங்கள் மேற்கோள், நீங்கள் வழக்கமாகப் போடும் மூன்று ஆச்சரியக்குறி எல்லாம் அதற்கு அத்துபடி. ஒரு அணிக்காரர் பதிலி வைத்துக்கொண்டதும் மற்ற அணிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

அணிகள் எப்படி வந்தன என்றும் சொல்லிவிட வேண்டும். வட்டம் தொடங்கிய வருடம் ஒரு கொள்கை அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள். முதல் வரைவே சரி என்றவர்கள் முதல் வரைவு அணி. திருத்த வேண்டும் என்றவர்கள் திருத்த அணி. வரைவே வேண்டாம் என்று மூன்று பேர் கிளம்பினார்கள், அந்த மூன்று பேரும் பிறகு இரண்டாகப் பிரிந்தார்கள். ஒன்பது வருடமாகியும் அறிக்கை வெளிவரவில்லை.

திலகமணி முதல் வரைவு அணி. கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வயது ஐம்பத்து மூன்று, தனிக்கட்டை. பதிலி வைத்துக்கொள்ளாத ஒரே தோழர் என்று அவளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. எல்லா விமர்சனத்துக்கும் தன் கைப்பட எழுதினாள். ஊசி குத்தும் இடைவெளியிலும் எழுதினாள், பஸ்ஸில் நின்றுகொண்டும் எழுதினாள். பக்கத்து வீட்டில் குடி வந்து நாலு வருடமான பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் நூற்று நாற்பது தோழர்களில் யார் எந்தப் பிரச்சினையில் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதிலும் திருத்த அணியின் இருதயராஜ் அடுத்து என்ன வாக்கியம் எழுதுவார் என்றுகூடச் சொல்லிவிடுவாள். நேரில் பார்த்ததில்லை. அந்த ஆளை வெறுக்காத நாள் அவளுக்கு ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் பரிசோதனைக் கூடத்தைத் திறக்கும்போது படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுக்மதி. ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண், நூல் மில்லின் விடுதியில் தங்கி வேலை செய்பவள், பத்தொன்பது வயது. மில்லிலிருந்து கூட்டமாக ரத்தம் பார்க்க அழைத்து வரும்போதெல்லாம் திலகமணிதான் அவளுக்கு ஊசி போடுவாள். அவள் திலகமணியை அக்கா என்று தன் பாஷையில் தீதி என்பாள். இடது கையில் இரண்டு விரல் துணியால் சுற்றியிருந்தது, துணி கறுத்துப் போயிருந்தது.

"தீதி, மெஷின்ல போச்சு. ஆஸ்பத்திரி வேண்டாம் சொன்னாங்க. சுவர் ஏறி வந்துட்டேன். திரும்பிப் போனா அடிப்பாங்க, தீதி. போன மாசம் ஓடினவ இப்ப எங்கேன்னு தெரியல" என்றாள்.

திலகமணி காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு அவளை நேராகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். போலீஸ் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் தெருவில் வைத்து இழுத்துப் போவதைவிட அது மேல் என்று நினைத்தாள்.

அங்கே இருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவள் இல்லை. களைத்தவள். "ஏஜென்ட் ஏற்கெனவே போன் பண்ணிட்டானுங்க. அவங்கப்பன் எழுதிக் குடுத்த பேப்பர் இருக்குதாம். மேல இருந்தும் போன் வருது. உங்க ஒருத்தர் பேச்சை நம்பி நான் விட முடியாதுங்க. உள்ளூர்க்காரங்க மூணு பேரு நேர்ல வந்து எங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்ககூட அனுப்பறேன். அஞ்சு மணி வரைக்கும் தாக்காட்டறேன். அதுக்கு மேல எங்கையில இல்ல" என்றாள்.

திலகமணி ஒருத்தி. இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

கூடத்தின் முதலாளிக்கு மில்தான் பெரிய வாடிக்கை, அவரிடம் கேட்பதற்கே இல்லை. நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டாள். "கடையே அவங்க எடத்துலதானுங்க இருக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு அவளுக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. ஒன்பது வருடமாக அவளுக்கு இருந்த உறவு, நட்பு எல்லாம் போனுக்குள்தான் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வட்டத்தைத் திறந்து எழுதினாள்.

"தோழர்களே, கோவையில் இருக்கும் இருவர் உடனே வர வேண்டும். மில் விடுதியிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணைக் காவல் நிலையத்திலிருந்து மீட்கக் கையெழுத்து வேண்டும். மாலை ஐந்து வரைதான் அவகாசம்."

கோவையில் மட்டும் முப்பது தோழர்கள் இருந்தார்கள். எதிரே நிலையத்தின் ஜன்னலில் சுக்மதியின் முகம் தெரிந்தது. திலகமணி இரண்டு விரலைக் காட்டினாள், இன்னும் இரண்டு பேர், வந்துவிடுவார்கள் என்று. சுக்மதி தலையாட்டினாள்.

பதில்கள் மளமளவென்று வந்தன. முதல் பதில் அவளுடைய அணிக்காரரே, பரிதிவாணன். "'ஒரு பெண்' என்று பொதுவாகச் சொல்வது அவருடைய வர்க்க இருப்பை மறைக்கிறது. தோழர் திலகமணி விளக்க வேண்டும்." அடுத்தது இருதயராஜ். "காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவது அரசு இயந்திரம் பற்றிய மாயைக்குக் கையெழுத்துப் போடுவதே. முதல் வரைவு அணியின் சீர்திருத்த மயக்கத்துக்கு இது இன்னொரு சான்று!!!" மூன்றாவது, புலம்பெயர் தொழிலாளர் குறித்த வட்டத்தின் நிலைப்பாடு இன்னும் துணைக்குழுவில் நிலுவையில் இருப்பதால் இந்த வேண்டுகோள் ஒழுங்குமீறல் என்றது. வரைவே வேண்டாம் அணியின் இரண்டு பிரிவுகளும் தனித்தனியாக நடுநிலை அறிவித்தன.

திலகமணிக்கு ரத்தம் கொதித்தது. எழுதினாள். எழுதாமல் எப்படி இருக்க முடியும்? மூன்று மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் ஒழுங்குமீறல் என்று பதிவாகி வேண்டுகோளே விழுந்துவிடும். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு விமர்சனம்.

அப்போதுதான் அந்தப் பதிவு வந்தது. இருதயராஜ் கணக்கிலிருந்து.

"எந்த ஸ்டேஷன்? ரெண்டு பேர் வரோம்."

அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. வட்டத்தில் போலிகள் நுழைந்துவிடக் கூடாது என்று ரவூப் வைத்த ஏற்பாடு அது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள், வட்டத்தில் ஒரே பொருத்தம்தான் பார்ப்பார்கள். ஒருவர் இன்று எழுதுவது அவர் இதுவரை எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் "பொருத்தம் இல்லை, இது தோழர் எழுதியதாகத் தெரியவில்லை" என்று சிவப்பாகும். யாராவது ஒரு தோழர் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் பதிவு நிற்கும். 'போலி' என்று இருவர் அழுத்தினால் போய்விடும்.

திலகமணி அதைப் படித்தாள். இருதயராஜ் பேச்சுத் தமிழில் எழுதுகிற ஆள் இல்லை. ஒன்பது வருடத்தில் அவள் சொன்ன எதையும் அவர் ஏற்றதில்லை. ஒரு நிமிடம் முன்பு மாயை, மயக்கம் என்று எழுதியவர் இப்போது இரண்டு பேரோடு வருகிறாராம். கேலி செய்கிறார். ஒரு பெண்ணின் உயிரை வைத்துக் கேலி செய்கிறார். 'போலி'யை அழுத்தினாள். அதோடு விடவில்லை. "இத்தகைய மலிவான பகடிகளை வட்டம் அனுமதிக்கக் கூடாது" என்று பத்து வரி எழுதினாள். ஆச்சரியம், அதை இருதயராஜே வழிமொழிந்தார். "என் கணக்கில் யாரோ ஊடுருவியிருக்கிறார்கள். அகற்றுக!!!" பதிவு போய்விட்டது.

அதன் பிறகு மத்தியானம் முழுக்கச் சண்டைதான். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு மணி வாக்கில் இருதயராஜின் ஒரு வாதத்தை அவருடைய பழைய பதிவைக் கொண்டே அவள் மடக்கியபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையான சந்தோஷம். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலில் சுக்மதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திலகமணி மறுபடி இரண்டு விரலைக் காட்டினாள்.

மூன்று மணிக்குத்தான் பயம் பிடித்தது. அந்தப் போலிப் பதிவைத் தவிர, முப்பது பேரில் ஒருவர்கூட எந்த நிலையம் என்று கேட்கவில்லை. ரவூப்பைக் கூப்பிட்டாள். அவன் இப்போது கனடாவில் இருந்தான், அங்கே விடியவில்லை.

"அக்கா? நீங்க இன்னும் அதுல இருக்கீங்களா?" என்றான் தூக்கக் குரலில்.

"இருக்கீங்களான்னா என்ன அர்த்தம் தம்பி? நூத்தி நாப்பது பேரும் இருக்கோம். கோயமுத்தூர்க்காரங்க ரெண்டு பேர் நம்பர் குடு. அவசரம்."

"அக்கா, நான் சொன்னா வருத்தப்படாதீங்க. அதுல யாரும் இல்லக்கா. எல்லாரும் பதிலி வெச்சாங்கல்ல, வெச்சதும் நிம்மதியாயிட்டாங்க. மொதல்ல தூங்கும்போது மட்டும் போட்டாங்க. அப்புறம் வேலைக்குப் போகும்போது. அப்புறம் எடுக்கவே இல்ல. பாதிப் பேருக்கு அப்படி ஒரு குரூப் இருக்கறதே மறந்துபோச்சு."

"காலையிலேர்ந்து நான் யார்கூடச் சண்டை போட்டேன்?"

"அதுங்ககூடத்தான்."

"நீ நிறுத்த வேண்டியதுதானே?"

"நிறுத்தணும்னா தீர்மானம் நிறைவேறணும். நானே முன்மொழிஞ்சேன். ரெண்டு வருசமா விவாதம் நடக்குது" என்றான். சிரிக்கவில்லை. "இருங்க, பாக்கறேன். கையால எழுதறது தனியாத் தெரியும்." விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "இன்னைக்கு மனுசங்க எழுதினது ரெண்டு கணக்குல. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு காலையில, ஒரே ஒரு பதிவு. இருதயராஜ். அதை நீக்கியிருக்காங்க... நீக்கினது நீங்கதான்க்கா."

திலகமணி இருதயராஜின் முகவரியைக் கேட்டாள். ரவூப் முகவரி சொன்னான். ராமநாதபுரம், சர்ச்சுக்குப் பின்தெரு. இந்த ஊரிலேயே, ஆட்டோ பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில்தான் அந்த ஆள் இத்தனை நாளும் இருந்திருக்கிறார்.

சாலையைக் கடந்து போய்ச் சுக்மதியிடம் சொன்னாள். "ரெண்டு பேர் கிடைச்சுட்டாங்க. கூட்டிட்டு வந்துடறேன்." சுக்மதி திலகமணியின் துப்பட்டாவை ஒரு நொடி பிடித்துக்கொண்டு, பிறகு விட்டாள்.

ராமநாதபுரத்து வீட்டுக் கதவைத் திறந்தது வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மாள். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். அடியில் இருதயராஜ் என்று பெயர், இரண்டு தேதி. இரண்டாவது தேதிக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திலகமணி அந்த முகத்தை அன்றுதான் பார்த்தாள். சாதுவான முகம், ரேஷன் கடை வரிசையில் நமக்கு இடம் விட்டுக் கொடுப்பவரைப் போல.

"நான் திலகமணிங்க. வட்டத்துல..."

"தெரியும் கண்ணு. உங்க பேரை இந்த வீட்டுல கேக்காத நாளே இல்ல" என்றார் அந்த அம்மாள். இருதயராஜின் மனைவி, ரெஜினா. மேஜையில் ஒரு டேப்லெட் ஒளிர்ந்துகொண்டிருந்தது, அதில் இருதயராஜ் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "அவர் போனப்புறமும் அதை நிறுத்த மனசு வரல. சாயங்காலம் படிச்சேன்னா அவர் உள் ரூம்ல கத்திட்டிருக்கற மாதிரியே இருக்கும். வீட்டுல ஆள் இருக்குதுன்னு ஒரு இது."

"காலையில எழுதினது..."

"நான்தான். அந்தப் புள்ளயப் பத்தி நீங்க போட்டதைப் படிச்சேன். கோயமுத்தூர்ல எத்தனையோ ஸ்டேஷன் இருக்குது, எதுன்னு போடலையே. மாடி வீட்டு ஸ்டெல்லாகிட்டச் சொன்னேன், அவளும் வரேன்னா. எழுதிட்டு ரெண்டு பேரும் சேலை மாத்திட்டு உக்காந்தோம். அப்புறம் பாத்தா நீங்க போலின்னு போட்டிருக்கீங்க. அவரும் போட்டிருக்கார்." ரெஜினா லேசாகச் சிரித்தார். "உயிரோட இருக்கறப்பவும் அப்படித்தான். நான் ஏதாச்சும் சொன்னா, உனக்கென்ன தெரியும்னுவார். மறுபடி எழுதிப் பாத்தேன் கண்ணு. உள்ளேயே விடல."

அப்போதுதான் திலகமணி கவனித்தாள். அந்த வெள்ளைச் சேலை வீட்டுச் சேலை இல்லை. மடிப்புக் கலையாத, வெளியே கிளம்பக் கட்டிய சேலை. காலையிலிருந்து அவிழ்க்கவில்லை. நாற்காலியில் கைப்பை தயாராக இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. "இப்ப வருவீங்களா அம்மா?" என்றாள்.

"அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்" என்று ரெஜினா மாடியைப் பார்த்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். சிங்காநல்லூரில் பாலத்து வேலை, வண்டிகள் நகரவில்லை. திலகமணி நிலையத்துக்குப் போன் அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் மடியிலிருந்த போனோ நிற்காமல் அதிர்ந்தது. விமர்சனங்கள் வந்துகொண்டிருந்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் பதில் எழுதவில்லை. ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள்.

அவர்கள் போய் இறங்கியபோது ஜன்னல் காலியாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இப்பத்தானுங்க வண்டி போச்சு. அஞ்சே காலு வரைக்கும் பாத்தேன். ஏஜென்ட் நாலு ஆளோட வந்துட்டான். அந்தப் புள்ள அழவுமில்ல, கத்தவுமில்ல. டீக்கடையப் பாத்துக்கிட்டே போச்சு. இப்படிக் கையக் காட்டிட்டே" என்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். "என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க."

திலகமணிக்குத் தெரிந்தது.

கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், மில்லுக்கே போய்க் கேட்போம் என்று ரெஜினா வெகுநேரம் வாதாடினார். திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். வெளியே வந்து மூவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கேட்காமலே மூன்று டீ கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். திங்கட்கிழமை அந்தப் பெண் எந்த ஊரில் இருப்பாள் என்று யாருக்கும் தெரியாது. இருப்பாளா என்பதும் தெரியாது. திலகமணியின் உள்ளே எல்லாம் அணைந்துபோயிருந்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை ஒலி வேறு மாதிரி இருந்தது. தீர்மானம் நிறைவேறினால் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று வட்டம் தொடங்கியபோது வைத்த மணி. இதுவரை அது ஒலித்ததேயில்லை. பழக்கதோஷம், எடுத்துப் பார்த்தாள்.

"தோழர் இருதயராஜின் பெயரில் ஊடுருவிய போலியை உரிய நேரத்தில் அடையாளம் கண்டு அகற்றிய தோழர் திலகமணியின் விழிப்பை வட்டம் பாராட்டுகிறது. ஆதரவு: அனைவரும். எதிர்ப்பு: இல்லை. முன்மொழிந்தவர்: இருதயராஜ்."

ரெஜினா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ஒம்பது வருசத்துல உங்களை ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டாரே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

திலகமணி அதை வாங்கி எழுதினாள். "அது போலி இல்ல. அவர் சம்சாரம். அவங்க மட்டும்தான் வரேன்னாங்க. நான்தான் கெடுத்தேன்."

அனுப்பியதும் ஓரத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. பொருத்தம் இல்லை, இது தோழர் திலகமணி எழுதியதாகத் தெரியவில்லை. யாராவது ஒருவர் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் பதிவு நிற்கும். மூன்று பெண்களும் தலையைச் சேர்த்துக்கொண்டு திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

இருதயராஜ்தான் முதலில் வந்து 'போலி' என்று அழுத்தினார்.